இலுப்பையடித் தபால்

இலுப்பையடி வைரவர் தபால் எடுக்கிறாராம்.

1992ஆம் ஆண்டு பங்குனி மாதமளவில் இந்தக் கதை சுன்னாகம் சந்தையில் வெங்காயத்தை விட வேகமாகக் கைமாறிக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் போடுகிற கடிதம் கப்பல் ஏறி, இறங்கி, எங்கெங்கோ படுத்தெழும்பி, மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய காரியம் என்றிருந்த காலம். அந்தக் காலத்தில், ஒரு கடதாசியில் எழுதி வைரவரின் கல்லுக்குக் கீழே வைத்தால் எட்டாம் நாள் கேட்ட பொருள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்றால் யாருக்குத்தான் பேனையைத் தேட மனம் வராது? சுன்னாகத்தில் அரைக் கட்டிச் சவர்க்காரமாக இருந்த கதை, மல்லாகம் போனபோது சைக்கிள் ரயர் ஆகியிருந்தது. இணுவிலைத் தாண்டியபோது கனடா விசா ஆகிவிட்டது. வைரவரின் நாயே பொருளைக் கவ்விக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவதைக் கண்ணால் கண்டவர்களும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது.

சரி, கதை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிடுவோம் என்று போனால், உடுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை. ஒழுங்கை முடக்கில் ஒரு இலுப்பை மரம். மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், சூலத்துக்குப் பித்தளைப் பூண். நாயும் ஒன்று படுத்திருந்தது. எதையும் கவ்வுகிற நிலைமையில் அது இல்லை. விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான்: தபால் எடுபட்டது உண்மை. பொருள் வந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர் சோமசேகரம். ஆகவே அவருடைய கதையைச் சொன்னால்தான் வைரவருடைய கதை விளங்கும்.

சோமசேகரம் ஒரு அரசாங்கக் கந்தோரில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து, தலைமைக் கிளாக்கராக 1983இல் பென்சன் எடுத்தவர். சீஃப் கிளாக்கர் என்பதைக் கந்தோர்க்காரர் சீ.சீ. என்று சுருக்குவார்கள். ஊரும் அவரைச் சீ.சீ. என்றே அழைத்தது. எந்தத் தொனியில் அழைக்கிறது என்பதை அவர் ஒருநாளும் கவனிக்கவில்லை.

கைச் சுத்தமான மனிதர். ஒரு குண்டூசி வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பென்சன் எடுக்கும்போது கந்தோரில் எரிக்கவென்று ஒதுக்கிய பழைய படிவக் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதற்கும் எழுத்தில் அனுமதி எடுத்து, அந்த அனுமதியைத் தனிக்கோவையில் போட்டு வைத்திருந்தார். ஆனால் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றவர்களிடம் கேட்டால் கைச் சுத்தத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், கால் உளைவைப் பற்றித்தான் சொல்வார்கள். பக்கத்து ஒழுங்கை மார்க்கண்டு செத்துப்போன தகப்பனுடைய காணிக் கடதாசிக்கு ஒரு கையெழுத்து வாங்கப் போனவன். முதல்நாள், பச்சை மையில் எழுதியது செல்லாது. இரண்டாம் நாள், வெட்டித் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இல்லை. மூன்றாம் நாள் எல்லாம் சரி, ஆனால் நேரம் நாலு மணி ஒரு நிமிடம். நாலாம் நாள் கையெழுத்துக் கிடைத்தது. அதற்கிடையில் மார்க்கண்டுவின் மிளகாய்க் கன்றுகள் தண்ணீர் இல்லாமல் வாடிப்போயின.

வீட்டிலும் அவர் கந்தோரைக் கழற்றி வைத்ததில்லை. மனைவி இரத்தினம்மா ஏதாவது கேட்டால் "யோசிப்பம்" என்பார். அந்தக் கந்தோரில் அது "இல்லை" என்பதற்கு வழங்கிய சொல்.

அவர்களுக்கு ஒரே மகள், ஞானாம்பிகை. உடுவிலில் படிப்பித்து, சங்கீதமும் பழக்கி, ஒரு பென்சன் உள்ள மாப்பிள்ளைக்காகத் தகப்பன் காத்திருந்த நேரத்தில், 1984இல் அவள் கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம் செய்கிற தில்லைநாதனைப் பதிவுக் கல்யாணம் செய்துவிட்டாள். பெடியன் நல்லவன், உழைப்பாளி, குடிவெறி இல்லை. ஆனால் கத்தரிக்காய்க்குப் பென்சன் இல்லையே. சோமசேகரம் வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு ஊர் கேட்கச் சொன்னார்:

"இனி இந்தப் படலையைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. சொல்லிப்போட்டன்."

சுன்னாகத்தில் ரயில் ஏறினால் கொடிகாமம் என்ன தூரம்? ஆனாலும் ஐந்து வருடம் போதவில்லை. இரத்தினம்மா படுக்கையில் விழுந்து, "அவளை ஒருக்காக் கூப்பிடுங்கோவன்" என்று கேட்டா. "யோசிப்பம்" என்றார். யோசித்து முடியுமுன் அந்த மனுசி கண்ணை மூடிவிட்டா.

செத்தவீட்டுக்கு ஞானாம்பிகை வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. படலைவரை வந்தவள் அதிலே நின்றுவிட்டாள். உள்ளே பறை அடிக்கிறது, பெண்கள் அழுகிறார்கள், ஊர் முழுவதும் சோமசேகரத்தின் முகத்தைப் பார்க்கிறது. "உள்ளை வா" என்கிற இரண்டு சொல்தான். அவர் கைமணிக்கூட்டைப் பார்த்தார். பிரேதம் போனபின் அவளும் போய்விட்டாள்.

இது 1989 மார்கழி. அதற்குப் பிறகு படலையும் அவரும் தனியே இருந்தார்கள்.

அடுத்த வருடம் சண்டை மூண்டதோடு மின்சாரம் போனது, ரயில் போனது, மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலுக்குள் போயின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, திரியை நுள்ளி நுள்ளி எரிக்கப் பழகிக்கொண்டது ஊர். அயலுக்குள் கொடுத்து வாங்கித்தான் எல்லாரும் சீவித்தார்கள். சோமசேகரம் கேட்டுப் பழகாத மனிதர். 1991 கார்த்திகையில் அவருடைய ஜாம் போத்தலும் வற்றியது. மூன்று நாள் பொழுது படுவதோடு படுக்கப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் ஆழ்வாப்பிள்ளை வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. ஆனால் அந்த வேலியைப் பற்றி இருவருக்கும் பதினொரு வருட வழக்கு.

நாலாம் நாள் காலை மேசையில் இருந்து, பழைய படிவம் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் எழுதினார். கீழே காபன் கடதாசி வைக்கவும் மறக்கவில்லை.

"இல: வை/1/91. இலுப்பையடி வைரவ சுவாமி அவர்கட்கு. விடயம்: மண்ணெண்ணெய். முப்பத்துநான்கு வருட காலம் குறைபாடின்றிச் சேவையாற்றியவனும், 1978ஆம் ஆண்டு தங்கள் சூலத்துக்குப் பித்தளைப் பூண் உபயமளித்தவனுமாகிய எனது வீட்டில் கடந்த மூன்று தினங்களாக விளக்கு இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஆவன செய்து அறியத் தரவும். இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன், மு. சோமசேகரம்."

நாலாக மடித்து, மழைக்குப் பொலித்தீன் உறை போட்டு, வைரவரின் கல்லுக்குக் கீழே இருந்த வெடிப்புக்குள் செருகிவிட்டு வந்தார். மனிதரிடம் கேட்டால்தான் தாழ்வு. மேலிடத்துக்கு எழுதுவது நிர்வாக நடைமுறை.

மறுநாள் விடியப் படலையைத் திறந்தால், அது பூட்டியிருக்கிற கப்புத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு போத்தல். அரைவாசிக்கு மண்ணெண்ணெய். வாய்க்குத் துணி சுற்றி இறுக்கியிருந்தது.

வேறு யாரும் என்றால் திகைத்துப்போய் நின்றிருப்பார்கள். சோமசேகரம் திருப்திப்பட்டார். காபன் பிரதியில் "கிடைத்தது, அரைப் போத்தல்" என்று எழுதி, திகதி போட்டார். சேவை காலதாமதம் இல்லாமல் நடந்திருக்கிறது, அளவுதான் குறைவு என்று மனதுக்குள் ஒரு சிறு குறிப்பும் போட்டுக்கொண்டார்.

மார்கழியில் இரண்டாவது கடிதம் போனது. விடயம்: சவர்க்காரம். இந்த முறை பதில் இல்லை. ஒரு கிழமை கழித்து நினைவூட்டல். அதற்கும் ஒரு கிழமைக்குப் பின், படலைக் கப்பில் தேங்காய் உரிமட்டையின் மேல் அரைக் கட்டிச் சவர்க்காரம். நூல் போட்டு அறுத்த பாதி.

இந்த இடத்தில் வைரவருடைய கந்தோருக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இலுப்பையடியைக் கூட்டி, தண்ணி தெளித்து, விளக்கு வைக்கிறவ நல்லம்மா. கூலி இல்லாத வேலை; வைரவருக்கும் அவவுக்கும் இடையில் உள்ள கொடுக்கல் வாங்கல். மார்கழிப் பூசை தொடங்கியபோது கற்பூரம் வாங்க வழி இல்லை. கல்லடியைக் கூட்டும்போது மடித்த கடதாசிகள் அகப்பட்டன. நல்ல தடித்த கந்தோர்க் கடதாசி. நல்லம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கடதாசிக்கு என்ன விலை என்று தெரியும். பத்திரிகையே பள்ளிக்கூடக் கொப்பியின் கோடு போட்ட தாளில் அச்சாகி வந்த காலம் அது. கடைக்காரப் பரமலிங்கம் மல்லி, மிளகாய் சுற்றிக் கொடுக்கச் சரைக்குக் கடதாசி இல்லாமல் பூவரசம் இலை பிடுங்கிக்கொண்டிருந்தார். நல்லம்மா கடதாசிகளைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து, இரண்டு கட்டிக் கற்பூரம் வாங்கி, வைரவருக்கே கொளுத்தினா. வைரவரின் சொத்து வைரவருக்கு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அப்படித்தான் சோமசேகரம் கடவுளுக்கு எழுதிய கடிதங்கள் சீரகத்தையும் வெந்தயத்தையும் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போயின.

முதலில் ஊர் சிரித்தது. சும்மா சிரிக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கல்லடிக்குப் புதுக்கடிதம் போனதாகத் தெரிந்தால், நூறு கிராம் மல்லி வாங்குகிற வீடுகள் ஐம்பது ஐம்பதாக இரண்டு தரம் வாங்கின. "அண்ணை, சீ.சீ.யின்ரை கடதாசியிலை சுத்துங்கோ, மற்றது வேண்டாம்" என்று கேட்டு வாங்கினார்கள். பரமலிங்கத்துக்கு வியாபாரம் பிடித்தது.

சிரித்தவர்களுக்கு இரவில் ஒரு யோசனை வந்தது. சவர்க்காரம் இல்லாமல் கிழவன் தனிய இருக்குது. ஆனால் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குமா? "விண்ணப்பம் எங்கே" என்று கேட்கும். அதனால்தான் படலைக் கப்பு. தன்னிடம் இருந்த கடைசிக் கட்டியை நூலால் அறுத்துப் பாதி வைத்தவர் வேறு யாருமில்லை, வேலி வழக்குக்காரர் ஆழ்வாப்பிள்ளைதான்.

கடிதங்கள் தொடர்ந்தன. ஐந்தாவது கடிதம், செய்தி கேட்க வழியில்லை என்றது. மறுநாள் மாலையில் ஆழ்வாப்பிள்ளை சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பிடித்தார். வழக்கமாகக் குசினிக்குப் பக்கத்தில் நிற்கிற சைக்கிள், அன்று வேலியோரமாக நின்றது. சத்தமும் கொஞ்சம் கூட. ஏழாவது கடிதம் பரமலிங்கத்தின் தராசைப் பற்றிய முறைப்பாடு: படிக்கல்லில் ஐயம் உண்டு, பரிசோதித்து நடவடிக்கை எடுக்கவும். அந்தக் கடிதத்தைப் பரமலிங்கமே வாசித்தார். அடுத்த நாள் சோமசேகரத்துக்கு நிறுத்த பருப்பில் தட்டு நிலத்தைத் தொட்டது.

"நிறுவை திருந்தியுள்ளது" என்று பிரதியில் எழுதிய சோமசேகரத்துக்கு அன்றுதான் ஒரு சங்கடம் வந்தது. இவ்வளவு கிடைத்திருக்கிறது, பெற்றுக்கொண்டதற்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டாமா? கோவைகளைப் புரட்டினார். முறைப்பாட்டுக்கு மாதிரி இருந்தது, மறுப்புக்கு மாதிரி இருந்தது, விளக்கம் கோருவதற்கு ஆறு வகை இருந்தது. நன்றிக்கு ஒன்று இல்லை. முப்பத்துநான்கு வருடத்தில் அவர் அப்படி ஒன்றும் எழுதியதே இல்லை. மூன்று நாள் இருந்து எழுதினார். நாலு படிவம் பழுதாகிப் போனது. கடைசியில் வந்தது இரண்டே வரி: "சவர்க்காரம் கிடைத்தது. முகம் கழுவும்போது உங்களை நினைத்தேன்."

எழுதியதை வாசித்துப் பார்த்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கிழிக்கவில்லை.

அதற்குப் பிறகு கடிதங்களின் குரல் மாறத் தொடங்கியது. "ஆவன செய்யவும்" போய் "முடிந்தால்" வந்தது. பித்தளைப் பூண் மறைந்தது. பதினாறாவது கடிதத்தின் முடிவில் "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று எழுதிய கை அப்படியே நின்றது. எத்தனை ஆயிரம் தரம் எழுதிய வரி. எழுதிய நாளெல்லாம் அவர் யாருக்குக் கீழ்ப்படிந்தார்? பேனையை மூடி, மறுபடியும் திறந்தார். பிறகு அந்த வரியை வெட்டி, "சோமசேகரம்" என்று மட்டும் போட்டார். வெட்டிய இடத்தில் சுருக்கொப்பம் வைக்க மறந்துபோனார்.

ஊரும் சிரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டது. சரையைப் பிரித்தவுடன் வாசிக்காமல், கையைத் துடைத்துவிட்டு வாசித்தார்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை முழுவதும் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் விமானம் சுற்றியது. சோமசேகரம் வளவுக்குள் நின்று வானத்தைப் பார்த்தார். கொடிகாமம் அந்தப் பக்கந்தான். எட்டு வருடமாக அவர் மகளின் பெயரைச் சொன்னதில்லை. யாரிடம் விசாரிப்பது? அவள் படலையைத் தாண்டக் கூடாது என்று இந்த ஊர் கேட்கச் சொன்னவரே அவர்தான். அன்று எழுதிய கடிதத்துக்கு இலக்கம் இல்லை, விடயம் இல்லை, காபன் பிரதியும் இல்லை.

"வைரவரே, என்ரை பிள்ளை ஞானாம்பிகை உயிரோடை இருக்கிறாளோ? தாய் செத்தண்டு படலையிலை நிண்டாள். நான் மணிக்கூட்டைப் பாத்தன். எத்தினை மணி எண்டு இண்டைக்கும் தெரியாது, மணிக்கூடு எனக்குத் தெரியேல்லை. நான் செய்தது பிழை. இதுக்கு என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கடிதத்தைக் கதைப்பது போலவே எழுதியிருந்தார்.

மூன்றாம் நாள், கால் றாத்தல் செத்தல் மிளகாய் வாங்கிக்கொண்டு வந்து பிரித்தார். சரையில் தன்னுடைய கையெழுத்து. விடயம்: சவர்க்காரம், நினைவூட்டல் 1.

மிளகாய் நிலமெல்லாம் சிந்தியது. சால்வையும் இல்லாமல் கடைக்குப் போனார். கடையில் பரமலிங்கமும், கற்பூரம் வாங்க வந்த நல்லம்மாவும்.

"இதென்ன? இதென்ன எண்டு கேக்கிறன்!"

பரமலிங்கம் கடதாசியைப் பார்த்தார், நல்லம்மாவைப் பார்த்தார். "உது... சரை, ஐயா."

"கடவுளுக்கு எழுதின கடிதத்திலை மிளகாய் சுத்திறியோ? ஆர் குடுத்தது?"

"நான்தான் குடுத்தனான்," என்றா நல்லம்மா. "கல்லடியிலை கிடந்தது. கூட்டிறது என்ரை வேலை."

"உனக்கு ஆர் அனுமதி தந்தது?"

"வைரவர் இருட்டிலை நிண்டார் ஐயா. நீங்கள் கடதாசி வைச்சியள், கற்பூரம் வைச்சியளோ? அவருக்கு வாசிக்கத் தெரியுமோ தெரியாது. எனக்குத் தெரியாது. கற்பூரம் எரிஞ்சால் எங்கள் ரண்டு பேருக்கும் விளங்கும்."

சோமசேகரம் கையில் இருந்த சரையைத் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரையாப் போட்டுதோ? அந்த... கடைசியா வைச்ச கடிதம்?"

பரமலிங்கம் தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டை மறுபடியும் துடைத்தார். "அதிலை நான் சாமான் சுத்தேல்லை ஐயா. மனம் வரேல்லை. மார்க்கண்டு அண்ணை கொடிகாமத்துக்குச் சைக்கிளிலை சாமான் ஏத்திறவர்தானே. அவரிட்டைக் குடுத்தனான்."

மார்க்கண்டு. பச்சை மை, சுருக்கொப்பம், நாலு மணி ஒரு நிமிடம். ஊரில் எத்தனை பேர் இருக்க, அந்தக் கடிதம் போன கை அது.

சோமசேகரம் வீட்டுக்குப் போகவில்லை. நேரே இலுப்பையடிக்குப் போனார். கையில் கடதாசி இல்லை, பேனை இல்லை. கல்லுக்கு முன்னால் நின்றார். பிறகு மண்ணில் இருந்துவிட்டார். என்ன கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டாரா என்பதும் தெரியாது. நல்லம்மா கற்பூரம் கொளுத்த வந்தபோது கிழவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம், சொண்டு அசையவில்லையாம்.

எழும்பி நடந்தவர் மார்க்கண்டுவின் படலைக்குப் போனார். மார்க்கண்டு கொடிகாமம் போய்விட்டான், எப்போது வருவான் என்று தெரியாது. "உள்ளை வந்து இருங்கோவன் ஐயா," என்றா மார்க்கண்டுவின் பெண்சாதி.

"இல்லைப் பிள்ளை. நான் நிக்கிறன்."

பொழுதுபடும்வரை நின்றார். மார்க்கண்டு வரவில்லை. அடுத்த நாளும் விடிய வந்து அதே இடத்தில் நின்றார். கால் உளைந்தது. ஒழுங்கையால் போனவர்கள், "என்ன ஐயா, இஞ்சை நிக்கிறியள்?" என்றார்கள். "ஒரு அலுவல்," என்றார். முப்பத்துநான்கு வருடம் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த இரண்டாம் நாள் மத்தியானத்தில்தான் தனக்கு விசயம் விளங்கியது என்று அவர் பிறகு சொன்னார். அவர் சொன்ன மாதிரியே சொல்வதானால்:

"மேலிடம் ஒருநாளும் நேராப் பதில் போடாது, தம்பி. அது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். மேலிடம் கடிதத்தின்ரை ஓரத்திலை ரண்டு சொல்லு எழுதிக் கீழ்க் கந்தோருக்கு அனுப்பும். ஆழ்வாப்பிள்ளை ஒரு கீழ்க் கந்தோர். பரமலிங்கம் ஒண்டு. நல்லம்மா தபால் பகுதி. எல்லாரும் தங்கடை வேலையைச் சரியாச் செய்திருக்கினம். நானும் ஒரு கீழ்க் கந்தோராத்தான் இருந்தனான். என்ரை மேசைக்கு முன்னாலை வந்து நிண்டவன் எல்லாம் அங்கையிருந்து அனுப்பின கடிதம். நான் மையின்ரை நிறத்தைப் பாத்துத் திருப்பி அனுப்பிப்போட்டன்."

மூன்றாம் நாள் பின்னேரம் மார்க்கண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். படலையில் நிற்பவரைக் கண்டு மணிக்கூட்டைப் பார்த்தான்.

"நாலு மணி தாண்டிட்டுது போலை, சீ.சீ. ஐயா?"

சோமசேகரம் தலையைக் குனிந்தார். "ஓம் மார்க்கண்டு. நாளைக்கு வரச் சொன்னால் வாறன்."

மார்க்கண்டு எத்தனையோ வருடமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. நல்ல காரமான பேச்சு. அது அந்த இடத்தில் கரைந்துபோய்விட்டது என்று அவனே கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் சொன்னான். சட்டைப்பையில் இருந்த கடதாசியை எடுத்து நீட்டினான். "பிள்ளை சுகமா இருக்குது. வாசியுங்கோ."

அவருடைய கடிதமேதான். பின்பக்கத்தில், உடுவிலில் பழகிய வடிவான எழுத்து:

"அப்பா, நாங்கள் சுகம். பிள்ளைகள் இரண்டு. சின்னவளுக்கு அம்மாவின்ரை பெயர். ஞாயிற்றுக்கிழமை வாறம். ஆனால் அந்தப் படலையிலை திரும்பவும் வந்து நிக்க எனக்கு ஏலாது. அதைக் கழட்டி வையுங்கோ."

அங்கேயே, அந்த ஒழுங்கையில், மார்க்கண்டுவின் சைக்கிள் காரியரைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். மார்க்கண்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு காற்றுப் போகாத சில்லுக்குக் காற்று அடித்தான்.

சனிக்கிழமை படலை கழன்றது. பிணைச்சல் கறள் பிடித்து இறுகியிருந்தபடியால் அவரால் தனியே முடியவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆழ்வாப்பிள்ளை, ஒருக்கா ஒரு கை பிடியுமன்," என்று கேட்டார். பதினொரு வருட வழக்குக்காரர் சுத்தியலோடு வந்தார். ஊர் எல்லாம் வேலியை அடைத்துக் குடியிருக்கிற நாட்டில், வீதி பார்த்த வாய் திறந்த வீடு அன்று முதல் அது ஒன்றுதான். ஆடு, மாடு எல்லாம் உள்ளே வந்து போகின்றன.

ஞாயிறு, இரண்டு சைக்கிளில் வந்தார்கள். தில்லைநாதனுக்குப் பின்னால் ஒரு சாக்குக் கத்தரிக்காய். கப்பு இரண்டும் வெறுமனே நிற்க, ஞானாம்பிகை அதிலே ஒரு கணம் தயங்கினாள். சோமசேகரம் ஒழுங்கைக்கே வந்துவிட்டார்.

"உள்ளை வா மோனை," என்றார். பிறகு மருமகனைப் பார்த்து, "வாங்கோ தம்பி. உள்ளை வாங்கோ."

அவள் நேரே தாயின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு குசினிக்குள் போனாள். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தபோதுதான், "சீனி இல்லை, பனங்கட்டியோடை குடியுங்கோ," என்றாள். எட்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட முதல் வசனம். அவர் அதைக் கும்பிட்டுக் குடித்தார். அன்று சமைத்தது கத்தரிக்காய். பென்சன் இல்லாத அந்தக் காய்க்கு இப்படி ஒரு ருசி இருக்கும் என்று அவருக்கு இவ்வளவு காலமும் யாரும் எழுத்தில் அறிவிக்கவில்லை.

அடுத்த கிழமை முழுவதும் சோமசேகரம் காபன் பிரதிகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். சவர்க்காரம் ஆழ்வாப்பிள்ளை. நன்றி சொன்னார், வேலி வழக்கையும் அதோடு கைகழுவினார். பருப்பு பரமலிங்கம். மார்கழிப் பூசைக் கடலையில் ஒரு கை கப்பில் வைத்தது நல்லம்மா. ஒவ்வொருவரிடமும் வாயால் நன்றி சொல்லி, தன் வளவுத் தேங்காயில் ஒன்று கொடுத்து, பிரதியில் கோடு போட்டார். பரமலிங்கம், "இனிமேல் சரைக்கு என்ன செய்யிறது ஐயா?" என்று கவலைப்பட்டார். சோமசேகரம் ஒரு படிவத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சக் கட்டை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நல்லம்மாவுக்கு ஒரு வருடத்துக் கற்பூரம் என்ற உடன்பாட்டில்.

எல்லாவற்றுக்கும் கோடு விழுந்தது. முதல் கடிதத்துக்கு மட்டும் விழவில்லை.

வை/1/91. அரைப் போத்தல் மண்ணெண்ணெய். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கொடுத்தவன் மறந்துபோவதற்கு வழியில்லை. கொடுக்காதவனே கொடுத்தேன் என்று பெயர் எடுக்கலாம். ஆழ்வாப்பிள்ளையைக் கேட்டால், "சத்தியமா நான் இல்லை. இருந்தாத் தந்திருப்பன் எண்டும் சொல்ல மாட்டன்," என்கிறார். பரமலிங்கம் கடையில் அந்த மாதம் எண்ணெயே இல்லை. நல்லம்மா கடதாசி எடுக்கத் தொடங்கியதே மார்கழியில். கடிதம் வைத்தது கார்த்திகையில், போத்தல் வந்தது மறுநாள். ஒருவேளை யாராவது எடுத்து வாசித்திருப்பார்களோ என்று கல்லுக்குக் கீழே இருந்த வெடிப்பைத் தடியால் கிண்டிப் பார்த்தார்கள். உள்ளே, ஆழத்தில், பொலித்தீன் உறையோடு அந்தக் கடிதம் கிடந்தது. உறையைத் துளைத்துக் கறையான் தின்ற மிச்சம், நாலு மடிப்பும் குலையாமல், கலையாமல். பிரித்தால் பித்தளைப் பூண் இல்லை, முப்பத்துநான்கு வருடம் இல்லை. "விளக்கு இல்லை" என்ற இடம் மட்டும் தப்பியிருந்தது.

நாயிடம் கேட்கலாம் என்றால், அது இன்னும் படுத்தே கிடக்கிறது.

படலை இல்லாத அந்தக் கப்பின் அடியில் இப்போது ஒரு போத்தல் நிற்கிறது. அரைவாசிக்கு மண்ணெண்ணெய், வாயில் துணி. மருமகன் எங்கேயோ அலைந்து கொண்டுவந்து கொடுத்தது. வருடம் ஒன்றாகிறது. எண்ணெய் விற்கிற விலையில், திறந்து கிடக்கிற வாசலில், யாரும் தொடவில்லை. பக்கத்தில் ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் சோமசேகரத்தின் கையெழுத்து, மழைக்கு ஊறிக் கொஞ்சம் பரவியிருக்கிறது:

"உரியவர் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் தேவையில்லை."